சைட்டுக்கு வரும் புதியவர்களை எப்படி வளர்ப்பது?

டர்பனில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் ஏஜென்டாக, அதாவது வேலைத்தளப் பொறுப்பாளராக, இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் படித்துவிட்டு இங்கே வந்தவர், சமீபத்தில்தான் பொறியாளராகத் தொழில்முறைப் பதிவு பெற்றிருக்கிறார். நிறுவனம் அவரிடம் இரண்டு பேரை ஒப்படைத்திருக்கிறது. ஒருவர் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிவில் டிப்ளமா படிக்கும் மாணவி. இன்னொருவர் பட்டம் முடித்து, பொறியாளர் பதிவுக்குத் தயாராகும் இளைஞர். “வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதுமா அக்கா? என்ன சொல்லிக்கொடுப்பது, எப்போது விட்டுப்பிடிப்பது?” என்பது கேள்வி.

வாரம் ஒருநாள் பேசுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது மட்டும் போதாது தம்பி. வழிகாட்டுவது என்றால் அறிவுரை சொல்வது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். கட்டடத் தொழிலில் ஒருவர் வளர்வது, தான் எடுத்த ஒரு முடிவுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வரும்போதுதான். அந்த நிலைக்கு அவர்களைப் படிப்படியாக, பத்திரமாகக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. எந்த நாளில் எந்த முடிவை யார் கையில் கொடுத்தீர்கள் என்பதை வைத்தே உங்கள் வழிகாட்டுதலை நான் எடைபோடுவேன்.

முதலில் இருவருடைய தேவையும் வேறு என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாணவிக்கு இது படிப்பின் ஒரு பகுதி. பழைய நேஷனல் டிப்ளமா முறையில் பி1, பி2 என்று ஆறு ஆறு மாதம் வேலைத்தளப் பயிற்சி இருந்தது. வகுப்புகளையெல்லாம் முடித்தும் அந்த இடம் கிடைக்காததால் டிப்ளமா கைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் உம்லாசியிலும் நிறையப் பார்க்கலாம். ஆகவே அவருக்கு உங்கள் சைட்டில் கிடைத்திருக்கும் இடமே பெரிய விஷயம். டீ போடவும் ஃபோட்டோகாபி எடுக்கவும் வைத்து அதை வீணாக்காதீர்கள். கல்லூரி கொடுத்த பயிற்சிக் குறிப்பேட்டில் என்னென்ன வேலை கேட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே வாங்கிப் பாருங்கள். மட்டம் பார்ப்பது, அளவெடுப்பது, கான்கிரீட் சோதனை, வரைபடம் வாசிப்பது என்று எதுவானாலும் சரி, உங்கள் வேலை அட்டவணையில் எது எப்போது வருகிறது என்று பார்த்து அதோடு பொருத்துங்கள்.

இளைஞரின் கதை வேறு. அவர் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில், அதாவது எக்ஸாவில், கேன்டிடேட்டாக, அதாவது முழுப் பதிவுக்குத் தயாராகுபவராக, பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் உடனே செய்யச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு அனுபவத்தைக் காட்டித்தான் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். மூன்று ஆண்டு வேலை பார்த்தால் பதிவு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மன்றம் கேட்பது பதினொரு திறன்களுக்கான ஆதாரம். சிக்கலை வரையறுத்துத் தீர்ப்பது, வேலையை நிர்வகிப்பது, தெளிவாக எழுதிப் பேசுவது, சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் வரும் பாதிப்பை உணர்வது, சட்டத்தையும் பாதுகாப்பையும் கடைப்பிடிப்பது, நேர்மை, சரியாக எடைபோட்டு முடிவெடுப்பது, பொறுப்பு, தொடர்ந்து கற்பது எல்லாம் அதில் அடக்கம். ஐந்து ஆண்டு சைட்டில் ஓடியும் இதில் பாதிக்கு ஆதாரம் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. அவர்கள் திறமையில் குறை இல்லை. அவர்களுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. மேற்பார்வையாளர் வேறு, வழிகாட்டி வேறு. அன்றாட வேலையைப் பார்த்து ஒப்புதல் தருபவர் மேற்பார்வையாளர். மூன்று ஆண்டுப் பாதை முழுவதையும் பார்த்து, இந்த இடத்தில் அனுபவம் போதவில்லை என்று சொல்பவர் வழிகாட்டி, அவரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்களில் இரண்டும் ஒருவர் தலையில்தான் விழும். முடிந்தால் வெளியிலிருந்து மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். தன் மேலதிகாரியைப் பற்றித் தன் மேலதிகாரியிடமே எந்தப் பிள்ளை குறை சொல்லும்?

இனி, பொறுப்பைக் கொடுப்பது எப்படி என்பது. எக்ஸா இதற்கு ஐந்து படி வைத்திருக்கிறது: பார்த்தறிவது, உதவுவது, பங்கேற்பது, பங்களிப்பது, தானே செய்து முடிப்பது. அந்த மன்றத்தின் காகிதங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் சைட்டில் அப்படியே பயன்படுகிறது. உங்கள் வேலையில் ஒரு ஸ்லாப் வார்ப்பு, அதாவது கான்கிரீட் தளம் போடுவது, வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வார்ப்பில் அந்த இளைஞர் உங்கள் கூடவே வரட்டும். கம்பி கட்டியதை நீங்கள் சரிபார்க்கும்போது என்ன பார்க்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கம்பிக்கும் அடிப்பலகைக்கும் இடைவெளி தரும் கவர் பிளாக் இருக்கிறதா, கம்பியின் விட்டமும் இடைவெளியும் வரைபடத்தோடு பொருந்துகிறதா, இணைப்பு நீளம் போதுமா, பலகையைத் தாங்கும் முட்டுகள் உறுதியான தரையில் நிற்கின்றனவா. பல ஆண்டு செய்த வேலையில் நம் கண் தானாக ஓடும். கண் போகிற போக்கை வார்த்தையாக்குவது முதலில் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதைச் செய்யாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு நீங்கள் சும்மா நடந்துபோவது மட்டும்தான் தெரியும். இரண்டாம் வார்ப்பில் டேப்பும் சரிபார்ப்புப் பட்டியலும் அவர் கையில் இருக்கட்டும். மூன்றாவதில் நீங்கள் போவதற்கு முன்பே அவர் பார்த்து முடித்து, கண்ட குறைகளை எழுதி வைக்கட்டும். பிறகு நீங்கள் தனியாகப் பார்த்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்தக் கால் மணி நேரம் எந்தப் பயிலரங்குக்கும் சமம். நான்காவதில் எந்தப் பக்கத்திலிருந்து வார்ப்பது, எத்தனை கான்கிரீட் வண்டி, நடுவில் வண்டி தாமதமானால் எங்கே நிறுத்துவது என்ற திட்டத்தை அவரே போடட்டும், நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். ஐந்தாவதில் வார்ப்பு அவருடையது. சட்டப்படி கையெழுத்தும் பொறுப்பும் பதிவு பெற்றவரிடமே இருக்கும், அது மாறாது. ஆனால் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அன்று ஒரு வண்டி என்3 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, பிப்ரவரி வெயிலில் கலவை இறுகி வந்து சேரும். ஓட்டுநர் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பார்ப்பார். தண்ணீர் சேர்த்தால் கலவை இளகி வழியும், வேலை சுலபமாகும், ஆனால் கான்கிரீட்டின் பலம் குறைந்துபோகும் என்பது அந்த இளைஞருக்குப் பாடத்தில் தெரியும். பம்ப் வாடகை ஓடிக்கொண்டிருக்க, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் அப்பா வயது ஓட்டுநரிடம் “இந்த வண்டி வேண்டாம், திரும்பிப் போங்கள்” என்று சொல்வது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே போய் முடிவெடுத்துவிட்டால் அவருக்கு அந்தப் பாடம் போய்விடும். இருபது அடி தள்ளி நில்லுங்கள். தவறாகப் போனால் மட்டும் நுழையுங்கள். அவர் வண்டியைத் திருப்பி அனுப்பினால், அலுவலகத்திலிருந்து செலவு பற்றித் தொலைபேசி வரும்போது அதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பொறுப்பைக் கீழே கொடுத்துவிட்டு, திட்டு வரும்போது அதையும் கீழே தள்ளிவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை தண்ணீர்க் குழாய் திறப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல நிற்கும்.

வேலைக்கு முன்னாலேயே கேட்கும் கேள்விகளும் நல்ல பலன் தரும். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்த்த கியூப்களை ஆய்வகத்துக்கு அனுப்பிய அன்றே கேளுங்கள்: “ஏழாம் நாள் முடிவு குறைவாக வந்தால் என்ன செய்வாய்?” பயந்துபோய் இடித்துவிடலாம் என்பார், அல்லது 28 நாள் வரை காத்திருப்போம் என்பார். அங்கிருந்து தொடங்குங்கள். கியூப் சரியாக எடுக்கப்பட்டதா, தண்ணீரில் வைத்துப் பதப்படுத்தப்பட்டதா, அதே வண்டிக் கலவை எந்தப் பகுதியில் போனது, அந்தப் பகுதியின் முட்டுகளை எடுக்காமல் நிறுத்திவைக்க யாருக்குச் சொல்ல வேண்டும், 28-ஆம் நாளும் குறைந்தால் வார்த்த கான்கிரீட்டைத் துளைத்துத் துண்டு (கோர்) எடுத்துச் சோதிப்பதை யார் முடிவு செய்வார். முடிவு நல்லபடியாகவே வரலாம். ஆனால் யோசித்த பாதை அவரிடம் நிற்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். பெரியவர் சொல்லும்போது தலையாட்டுவது. புரியாவிட்டாலும் “சரி அங்கிள்” என்பது. ஜூலு வீடுகளிலும் பெரியவர் முன் பிள்ளைகள் அடக்கமாக இருக்கத்தான் வளர்க்கப்படுகிறார்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் இருவரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். “நாளைக் காலை ஃபோர்மேனிடம் இதை எப்படிச் சொல்வாய், சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள்.

ஃபோர்மேன் என்றதும் இன்னொரு ஆசிரியரைச் சொல்ல வேண்டும். உங்கள் சைட்டில் ஐம்பது அறுபது வயதில் ஜூலு ஃபோர்மேன் ஒருவர் இருப்பார். கான்கிரீட் வார்க்கும் பலகை அச்சான ஷட்டரிங்கைத் தட்டிப் பார்த்தே தாங்குமா தாங்காதா என்று சொல்வார், ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது. 1951-இல் வந்த கறுப்பினக் கட்டடத் தொழிலாளர் சட்டம், வெள்ளையர் வாழும் நகரப் பகுதிகளில் ஆப்பிரிக்கர்கள் திறன்சார்ந்த கட்டட வேலை செய்வதைத் தடுத்தது. இந்தியர்களுக்கும் பல தொழில்களின் கதவு அடைபட்டே இருந்தது. எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற ஓரிரு வாசல்கள்தான் இருந்தன. ஒப்பந்தக் கூலியாக 1890-இல் வந்து வியாபாரத்தில் உயர்ந்த ஒரு மனிதரின் கொடை அந்தக் கல்லூரி. இன்று உங்கள் மாணவி படிக்கும் பல்கலைக்கழகம் அதுவும் டெக்னிக்கான் நேட்டாலும் 2002-இல் சேர்ந்து உருவானதுதான். அந்த வரலாறு விட்டுச்சென்ற ஒரு விளைவு, அறிவு ஒருவரிடமும் காகிதம் இன்னொருவரிடமும் இருப்பது. உங்களிடம் பயிலும் இருவரையும் முதல் மாதம் அந்த ஃபோர்மேனோடு நிற்க வையுங்கள். “பாபா” என்று மரியாதையோடு அழைக்கவும், ஜூலுவில் வணக்கம் சொல்லி, அளவும் எண்ணும் எச்சரிக்கையும் பேசுகிற அளவுக்காவது கற்றுக்கொள்ளவும் சொல்லுங்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு குவாசூலு-நேட்டாலில் சைட் நடத்துபவர்கள் பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார்கள்.

மூத்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று நீங்கள் வியந்திருக்கலாம். தென்னாப்பிரிக்க சிவில் பொறியாளர் சங்கத்துக்காக அலிசன் லாலெஸ் செய்து 2005-இல் வெளியான ஆய்வு இதைக் கணக்கிட்டது. 1994-இல் உள்ளாட்சிகளில் ஒரு லட்சம் மக்களுக்குச் சுமார் 20 சிவில் வல்லுநர்கள் இருந்த நிலை 2005-இல் சுமார் 3 ஆகச் சுருங்கியிருந்தது. நடு வயதுக்காரர்கள் என்ற ஒரு அடுக்கே மெலிந்துபோனால், புதிதாக வருபவர் யாரைப் பார்த்துக் கற்பார்? உங்களைப்போல இப்போதுதான் பதிவு பெற்றவர்கள் தலையில் இந்தப் பொறுப்பு விழுவது அதனால்தான். இன்னும் பத்து வருட அனுபவம் வரட்டும் என்று ஒதுங்காதீர்கள்.

எழுத்து வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாக. பயிற்சி அறிக்கையை மூன்று ஆண்டு முடிவில் ஒரேயடியாக எழுத உட்கார்ந்தால் எதுவும் நினைவிருக்காது. வேலை ஒவ்வொன்றும் முடியும்போதே எழுத வையுங்கள். “பாலத்தின் வடிவமைப்பில் ஈடுபட்டேன்” என்ற வாக்கியத்தைக் கண்டால் சிவப்பு மையால் அடியுங்கள். என்ன சிக்கல் வந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, நீ எதைத் தேர்ந்தாய், ஏன், யார் சரிபார்த்தார், முடிவு என்ன ஆனது: இதுதான் மதிப்பீட்டாளருக்கு வேண்டும். அவர் உதவி மட்டும் செய்த வேலைக்குத் தானே செய்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல பையன், கல்யாணம் வேறு நிச்சயமாகிவிட்டது, பதிவு வந்தால் சம்பளம் உயரும் என்று மனம் இளகும். அந்தக் கையெழுத்தை நம்பி நாளைக்கு ஒரு கட்டடத்துக்குள் மக்கள் நடமாடுவார்கள்.

டொங்காட் உங்களுக்குத் தூரமில்லை. 2013 நவம்பர் 19 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். வேலையை நிறுத்த மாநகராட்சி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தும் வேலை நடந்தது. பின்னால் நடந்த விசாரணையில் பீமில் இருக்க வேண்டிய கம்பி இல்லாததும், கான்கிரீட்டின் பலக்குறைவும், முட்டுகளை எடுத்ததும் பேசப்பட்டன. 2024 மே 6 அன்று மேற்கு கேப்பின் ஜார்ஜ் நகரில் கட்டுமானத்திலிருந்த அடுக்குமாடி சரிந்து 34 பேர் இறந்தார்கள். அந்தத் திட்டத்தின் பாதுகாப்பு அதிகாரி ஆபத்தை உணர்ந்து முன்பே வேலையை விட்டு விலகியிருந்தார் என்பது 2025-இல் வெளியான அறிக்கைகளிலிருந்து தெரியவந்தது. அவர் விலகினார், கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பயமுறுத்த அல்ல. “நீ அங்கே இருந்திருந்தால் எந்த நாளில், யாரிடம், எப்படி எழுதியிருப்பாய்?” என்று கேட்க.

கையில் சட்டத்தையும் கொடுங்கள். 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் பணிப்பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஆபத்தான நிலையைக் கண்ட தொழிலாளி அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவித்ததற்காக முதலாளி பழிவாங்கக் கூடாது என்பது 26-ஆம் பிரிவு. 2014 கட்டுமான விதிகளின்படி முட்டு, ஷட்டரிங் போன்ற தற்காலிகக் கட்டமைப்புக்கென்று ஒரு வடிவமைப்பாளரை எழுத்து மூலம் நியமிக்க வேண்டும். உங்கள் சைட்டில் அவர் யார் என்று அந்த இருவருக்கும் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் பேசப்போகிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் “இந்த வாரம் உன்னை உறுத்திய ஒரு விஷயம் என்ன?” என்ற கேள்வியைத் தவறாமல் வையுங்கள். வந்த பதிலுக்கு ஒரு நடவடிக்கை எடுத்து, அதை அவர்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள். சின்ன விஷயத்துக்குக் காது கொடுத்தால்தான் பெரிய விஷயத்தை வந்து சொல்வார்கள்.

நம் மாகாணத்தில் அதிகம் பார்க்கிற ஒன்று: வேலையில் 30 சதவீதம் பங்கு கேட்டு கும்பலாக சைட்டுக்கு வருபவர்கள். இதற்கென்றே 2024 நவம்பரில் டர்பனில் தேசிய மாநாடு கூட்டி, கூட்டறிக்கையும் வெளியிட்டார்கள். துப்பாக்கியோடு வருவதும் நடக்கிறது. முதல் நாள் அறிமுகத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் பேச வேண்டாம், வாக்குக் கொடுக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்குப் போய் என்னைக் கூப்பிடுங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வீரம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை.

மாணவியைப் பற்றிக் கொஞ்சம் தனியாக. கட்டுமான விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் கேட்கின்றன. அவர் வருவதற்கு முந்தைய நாள் நீங்களே போய் அந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கால் அளவில் பாதுகாப்பு பூட்ஸ் வாங்கி வைத்திருங்கள். பெரிய பூட்ஸில் ஏணி ஏறச் சொல்வது ஆபத்து. அவரை அலுவலகக் கன்டெய்னரில் உட்காரவைத்து எக்செல் பார்க்கச் சொல்ல எல்லோருக்கும் ஆசை வரும், “வெயிலில் கஷ்டப்பட வேண்டாமே” என்று அன்பாகவே சொல்வார்கள். அந்த அன்பு அவருடைய ஆறு மாதத்தைத் தின்றுவிடும். பயணச் செலவையும் கேளுங்கள். வெருலமிலிருந்து இரண்டு பகிர்வு டாக்ஸி மாறி வருகிற பிள்ளைக்கு உதவித்தொகை தாமதமானால் மாதக் கடைசியில் வர முடியாமல் போகும், கூச்சத்தில் காய்ச்சல் என்று சொல்லும். திறன் மேம்பாட்டு வரியாக நிறுவனம் சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் கட்டுகிறது. அதில் ஒரு பகுதியைப் பயிற்சி மானியமாகத் திரும்பக் கோரலாம் என்று உங்கள் கணக்குப் பிரிவுக்கு நினைவூட்டுங்கள். மானியம் வரும்வரை உதவித்தொகையை நிறுத்திவைக்க விடாதீர்கள்.

ஒப்பந்தத்தையும் பணத்தையும் பொறியாளர்கள் கடைசிக்குத் தள்ளுவார்கள். சைட் டைரி எழுதும் வேலையை இருவருக்கும் மாறி மாறிக் கொடுங்கள். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த இயந்திரம் நின்றது, யார் எந்த உத்தரவு கொடுத்தார் என்று எழுதியிருந்தால்தான் பிறகு கால நீட்டிப்புக் கோர முடியும் என்பதை அப்போதே புரிந்துகொள்வார்கள். செய்த வேலைக்குப் பணம் பெறுவதற்கான மாதாந்தர பேமென்ட் சர்டிஃபிகேட்டுக்கு அளவெடுக்கும்போது கூட்டிப்போங்கள்.

கடைசியாக, நடைமுறையில் பலரை வீழ்த்தும் ஒன்று. திட்டம் முடிந்ததும் ஆள்குறைப்பு வரும், நீங்களே வேறு நிறுவனத்துக்குப் போகலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கைகளை முடித்து, கையெழுத்திட்டு, ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்கும்படி செய்யுங்கள். மாணவியின் குறிப்பேட்டில் அந்தந்த மாதமே முத்திரை விழட்டும். நிறுவனம் மூடிய பின் கையெழுத்துக்காக ஆளைத் தேடி அலைபவர்கள் என்னிடம் இன்னமும் வருகிறார்கள். அந்த இளைஞரின் அறிக்கைகளை அனுப்பி வையுங்கள், எந்தத் திறனுக்கு இன்னும் வேலை கொடுக்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.